நேரம் எழுதாத ட்யூப்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, ஆய்வுக்குழுவின் மருத்துவர் இருவரே, முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பேராசிரியரின் மனைவி அவர்களே, இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் கதவோரம் நிற்கும் ட்ராலி அண்ணே, ஆய்வகத்துத் தங்கச்சி, புதன்கிழமை பெஞ்சில் என்னோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்களே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இன்று இல்லாமல் போனவர்களின் வீட்டாரே, எல்லோரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

பேராசிரியரின் அஞ்சலிக் கூட்டத்துக்கான அழைப்பிதழில் 'நோயாளிகள் சார்பில் நன்றியுரை' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நன்றி சொல்ல நான் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். 'ஆய்வுச் செம்மல்' என்றார் ஒருவர். 'ஒரு துளி ரத்தத்தில் புற்றுநோயைக் கண்ட மாமேதை' என்று எனக்குப் பின்னால் இந்தத் திரையிலும் எழுதியிருக்கிறது. துறைத் தலைவர் இன்னும் ஒருபடி மேலே போனார். புதன்கிழமை வெளிநோயாளர் பிரிவில் நடக்கும் ரத்தச் சோதனைக்குப் பேராசிரியரின் பெயரையே சூட்டப்போவதாக அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். யார் யார் தட்டவில்லை என்பதை நானும் பார்த்தேன்.

நான் வந்தது அந்தச் சோதனையை நிறுத்துங்கள் என்று சொல்ல. வரும் புதன்கிழமை முப்பத்தெட்டு பேர் ரத்தம் கொடுக்க வருகிறார்கள். எல்லோரும் புற்றுநோய்க்காக நுரையீரலில் அறுவை செய்துகொண்டவர்கள். அந்த ரத்தத்திலிருந்து வரும் ஓர் எண்ணைப் பார்த்துத்தான் யாரை ஸ்கேனுக்கு அனுப்புவது, யாரை 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். அந்த எண் தவறு. தவறு என்று பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. மேடையில் இருக்கும் மூன்று பேருக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் தெரியாதவர்கள் நீங்கள்தான். ஆகவே உங்களைப் பார்த்துப் பேசுகிறேன்.

போன மனிதரைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்றுதான் என்னையும் வளர்த்தார்கள். காலையில் சாமி முன்னால் உட்கார்ந்து இந்தத் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசித்தேன். ஓர் இடத்திலும் நாக்குத் தடுமாறவில்லை. அதற்குப் பிறகுதான் செருப்பைப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பத்தொன்பது வருடம் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர். இடது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு, பேராசிரியரின் புதன்கிழமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். முதல் நாளே பேராசிரியர் எங்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். அவரே எழுதியது. நான் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பதினொரு நாளில் படித்தேன்.

அதில் இருந்தது இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 'இதைச் செய், அதைச் செய், வளர், பிரி' என்று உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கும். எல்லா உத்தரவும் அப்படியே நிறைவேறினால் உடம்பு தாங்காது. சிலவற்றைப் பாதியில் நிறுத்த வேண்டும். அதற்கென்றே ஏறக்குறைய இருபத்திரண்டு எழுத்து நீளத்தில் சின்னஞ்சிறு துணுக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. அவை தாமாக எதையும் கட்டாது, எதையும் வளர்க்காது. போகிற உத்தரவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். உத்தரவு நின்றுபோகும், அல்லது மெதுவாகும்.

இதை என் வீட்டுக்காரருக்குப் படித்துச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை அவர் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தார்.

"டாக்டர், நீங்க எழுதியிருக்கறது என் வேலைதான். ஸ்டியரிங் கத்துக்கறவன் கைல, ஆக்சிலேட்டர் அவன் கால்ல. எனக்குன்னு வண்டில இருக்கறது ஒரே ஒரு பிரேக்."

பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டார். "அப்போ கேன்சர்னா என்ன?"

"நான் டீ குடிக்க இறங்கிட்டேன், வண்டி போய்ட்டே இருக்கு. அவ்வளவுதான்."

"இன்னொரு வகையும் இருக்கே. நீங்க இறங்கல. ஆனா உங்க கால் பின்னாடி துரத்திட்டு வர்ற போலீஸ் வண்டியோட பிரேக்க மிதிச்சிட்டிருக்கு. கேன்சரத் தடுக்கற உத்தரவையே நிறுத்திடற துணுக்குகளும் உண்டு."

"போலீஸ் வண்டியவா? லைசென்ஸ் போயிடும் சார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த அறையில் யாராவது மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பேராசிரியர் எந்த மண்டபத்தில் பேசினாலும் இந்தப் பிரேக் கதையைச் சொல்லித்தான் தொடங்கினார். சற்றுமுன் துறைத் தலைவர் 'பேராசிரியரின் புகழ்பெற்ற உவமை' என்று சொன்னாரே, அது என் வீட்டுக்காரருடையது. ஒரு மேடையிலாவது, 'இது கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் சொன்னது' என்று அவர் சொன்னாரா? இல்லை. போகட்டும். அது சின்ன விஷயம். பெரியதற்கு வருகிறேன்.

கட்டியிலிருந்து இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். மற்ற பல பொருட்களைப் போல உடனே கெட்டுப்போகாது. ஆகவே ரத்தத்தில் அவற்றை எண்ணிப் பார்த்தால், புற்றுநோய் திரும்பி வருகிறதா என்று ஸ்கேனுக்கு முன்பே தெரிந்துவிடும். இது நல்ல எண்ணம். உலகத்தில் பல இடங்களில் பல பேர் இதற்காக உழைக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பேராசிரியர் ஐந்து துணுக்குகளைத் தேர்ந்தெடுத்தார். ஐந்தையும் சேர்த்து ஓர் எண் செய்தார். நாற்பதுக்கு மேலே போனால் ஆபத்து, ஸ்கேன். நாற்பதுக்குக் கீழே இருந்தால் சுத்தம், வீடு.

இப்போது அந்த ரத்தம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ரத்தம் எடுப்பது தரைத்தளத்தில், காலை ஏழு மணிக்கு. ஆய்வகம் நான்காவது மாடியில். அங்கேதான் ரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களைக் கீழே ஒதுக்கி, மேலே நிற்கும் மஞ்சள் நீரைத் தனியே எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. ஆய்வகத்தில் அதை 'சுத்துற மிஷின்' என்பார்கள். கீழிருந்து மேலே கொண்டுபோக ஒரே ஒரு ட்ராலி. தட்டில் இருக்கும் எல்லாத் துளைகளும் நிறைந்த பிறகுதான் ட்ராலி கிளம்ப வேண்டும் என்பது எழுதி ஒட்டிய உத்தரவு. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் வேன் மாதிரி. முதல் ஆளாக வந்து ரத்தம் கொடுத்தவரின் ட்யூப்தான் அதிக நேரம் காத்திருக்கும். ட்ராலி அண்ணே, நான் சொல்வது சரியா?

தலையாட்டுகிறார். நீங்களே திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தக் கையில் ஊசி, காய்ச்சல் எவ்வளவு, எல்லாம் ஒரு நோட்டில். "பால் பொங்கினதை மட்டும்தான் இவ எழுதறதில்ல, ஏன்னா அப்போ என் இருமலை எழுதிட்டிருப்பா" என்று பெஞ்சில் என்னைக் கிண்டல் செய்வார் இவர். பெஞ்சில் இருந்தவர்களும் விடவில்லை. "அக்கா, எனக்கும் எழுதி வைங்க, நான் மறந்துடுவேன்" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பதினொரு பேருக்கு எழுதினேன். ரத்தம் எடுத்த நேரம், ட்ராலி கிளம்பிய நேரம், பிறகு வந்த எண்.

முதல் இரண்டு முறை இவருக்கு அறுபத்தொன்று, ஐம்பத்தேழு. எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு முறையும் ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ட்யூப் மூன்றரை மணி நேரம் தட்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எப்படி? ட்ராலி அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, இதை நானே மேல கொண்டுபோய்க் குடுத்துடட்டுமா?"

"ரூல் இல்லம்மா."

"கூடாதுன்னு ரூல் இருக்கா?"

அவர் யோசித்தார். "அதுவும் இல்ல."

லிஃப்டுக்கு நிற்கவில்லை. ட்யூபைக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு, குலுங்காமல், நான்கு மாடி ஏறினேன். மனதுக்குள் சாமி பெயரை ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொன்னேன். எண்பத்தெட்டு படி. ஆய்வகத்துத் தங்கச்சி வாங்கி உடனே மிஷினில் வைத்தாள். எடுத்ததிலிருந்து பதினெட்டு நிமிடம். எண் வந்தது: இருபத்திரண்டு.

பேராசிரியர் முகத்தில் எத்தனை மகிழ்ச்சி. "இப்போதான் மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அதற்கடுத்த முறையும் நானே கொண்டுபோனேன். பத்தொன்பது. அதற்கடுத்த முறை இருபத்துநான்கு. அந்த மூன்று முறையும் ஸ்கேன் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவருக்கு இருமல் தொடங்கியது. தோள்பட்டை வலித்தது. நான் சொன்னேன். "ரத்தம் சுத்தமா இருக்கும்மா, நீங்கதான் பயந்து பயந்து அவரையும் பயமுறுத்தறீங்க" என்றார் பேராசிரியர். இவரும் சேர்ந்துகொண்டு, "கேட்டுக்கோ, டாக்டரே சொல்லிட்டாரு" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

ஒருவழியாக ஸ்கேன் எடுத்தபோது ஈரலிலும் முதுகெலும்பிலும் இருந்தது. அதற்குப் பிறகு பதினான்கு வாரம்.

அவர் போன பிறகு நோட்டைத் திறக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. திறந்தபோது, வேறு யாராவது எழுதியதைப் படிப்பது போலப் படித்தேன். ஒரு பக்கம் எத்தனை நேரம் ட்யூப் நின்றது. எதிர்ப்பக்கம் எண். இவருக்கு மட்டும் அல்ல, பதினொரு பேருக்கும். நின்ற நேரம் கூடினால் எண் கூடுகிறது. நேரம் குறைந்தால் எண் குறைகிறது. நோய் இருந்தவருக்கும் அப்படித்தான், இல்லாதவருக்கும் அப்படித்தான். படித்த கண்களுக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கிறது? ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். வேறு எதுவும் தெரியவில்லை.

ஆய்வகத்துத் தங்கச்சியிடம் கேட்டேன். தங்கச்சி, உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. சொல்லுங்கள் என்று நேற்று நீயே சொன்னாய்.

"ஆமாக்கா. ரொம்ப நேரம் நின்னா சிவப்பணு உடையும். மேல நிக்கற தண்ணி மஞ்சளா இருக்கணும். இது ரோஸ் கலர்ல வருது. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

"எழுதி வைக்க வேண்டியதுதானே?"

"எங்கக்கா எழுதறது? ஃபார்ம்ல கலருக்குக் கட்டம் இல்ல. நேரத்துக்கும் கட்டம் இல்ல. ஒருவாட்டி ஓரத்துல எழுதினேன். 'ஓவியம் வரையற இடமா இது'ன்னு கேட்டாங்க."

கேட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. மேடையில் ஒருவருக்கு இப்போது தண்ணீர் தாகம் எடுக்கிறது. குடிக்கட்டும்.

நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். துறைத் தலைவரும் அந்த அறையில் இருந்தார். அப்போது அவர் தலைவர் அல்ல, பேராசிரியரின் வலது கை. நான் சொல்லி முடிக்கும்வரை பேராசிரியர் நோட்டைத் தொடவில்லை.

"உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது ஆராய்ச்சிம்மா. சமையல் குறிப்பு இல்ல."

வலது கை சிரித்தது. "ஏம்மா, ட்யூப் வெய்ட் பண்ணா கேன்சர் வருமா? அப்போ இந்த ஆஸ்பத்திரில பாதிப் பேருக்கு வந்திருக்கணுமே."

சார், அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சாமியிடம் எத்தனையோ முறை மன்றாடியிருக்கிறேன், இதை மறக்க வையும் என்று. அவர் மறக்க வைக்கவில்லை. காரணம் இருந்திருக்கும் என்று இன்று நினைக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மாலையில் கதவு தட்டும் ஓசை. திறந்தால் பேராசிரியர். தனியாக. மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார். உட்காரச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில், இவர் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். முழங்கைக்கு உள்பக்கம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என் ரத்தத்தையே எடுத்தேன்மா. அஞ்சு ட்யூப். ஒண்ணை அரை மணி நேரத்துல சுத்தினேன். அடுத்தது ஒரு மணி நேரம், ரெண்டு, நாலு, ஆறு."

தாளில் ஐந்து எண்கள். பதினெட்டு. இருபத்தாறு. முப்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. எழுபத்துநான்கு.

"நாலு மணி நேரத்துல எனக்கே கேன்சர் வந்துடுச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

பிறகு விளக்கினார். நான் குறுக்கே பேசவில்லை. அவர் தேர்ந்தெடுத்த ஐந்து துணுக்குகளில் நான்கு சிவப்பணுவுக்குள்ளேயே ஏராளமாக இருப்பவை. சிவப்பணு உடைந்தால் அவை கொட்டும். கட்டியிலிருந்து கசிந்தது என்று அவர் எண்ணியதில் பெரும்பகுதி உடைந்த சிவப்பணுவிலிருந்து கொட்டியது. முதல் ஆராய்ச்சியில் தொண்ணூறு நோயாளிகள். அவர்கள் ரத்தம் ட்ராலியில் வந்தது. எண்பது ஆரோக்கியமானவர்கள், அவர்கள் நான்காவது மாடி ஊழியர்களும் அவர்களின் உறவினர்களும். அடுத்த அறையில் ரத்தம் கொடுத்தார்கள், உடனே சுழற்றினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எப்படி இருக்கும்? துணுக்கு உண்மை. என் வீட்டுக்காரர் சொன்ன பிரேக்கும் உண்மை. ஆனால் இந்த மருத்துவமனை இத்தனை வருடம் அளந்தது ட்ராலி நின்ற நேரத்தை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் இருக்க முடியாத கேள்வி.

"நான் தூக்கிட்டு ஓடலைன்னா?"

அவர் தாளை மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"எண் ஏறியிருக்கும்மா. ஸ்கேன் எடுத்திருப்போம்."

எண்பத்தெட்டு படி. படிக்கு ஒரு முறை சாமி பெயர். ஒழுங்காகச் செய்த வேலைக்கு எனக்குக் கிடைத்தது இது. நான் குலுங்காமல் கொண்டுபோன ரத்தம் உண்மையான எண்ணைக் கொடுத்தது. அந்த உண்மையான எண்ணுக்கு உங்கள் சோதனையில் அர்த்தமே இல்லை. இதை எடுத்துக்கொண்டு நான் எந்தச் சன்னதியில் போய் நிற்பது? ஒரு வருடம் நான் கும்பிடவில்லை. விளக்கம் கேட்டேனே தவிரக் கும்பிடவில்லை. இப்போது கும்பிடுகிறேன். விளக்கம் இன்னும் வரவில்லை.

அந்த மாலைக்காகப் பேராசிரியரைப் புகழ்கிறேன். இந்த மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். தன் வாழ்நாள் வேலையைப் பொய்யாக்கும் என்று தெரிந்தே தன் கையை நீட்டி ஐந்து ட்யூப் ரத்தம் எடுத்துக்கொண்டார். அவரைக் கேட்டவர் யாரும் இல்லை. எட்டாவது வரை படித்த ஒருத்தியின் வீட்டுக்கு ஏறி வந்து, நீ சொன்னது சரி என்றார். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த ஒரு மாலை அவர் ஆய்வுச் செம்மல்தான். நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்த நாள் காலை?

"எப்போ நிறுத்தப் போறீங்க?" என்று அன்றே கேட்டேன்.

"கட்டுரையத் திரும்பப் பெறணும். ஏழு பேர் எழுதினது. பசங்க பட்டம், வேலை எல்லாம் இதுலதான் தொங்குதும்மா. ஒரு மாசம் குடுங்க."

"எங்க ஆளுங்க உயிரும் அதுலதான் சார் தொங்குது."

"ஒரே ஒரு மாசம்."

கொடுத்தேன். கொடுத்தது என் தவறு. ஒரு மாதம் பதினான்கு மாதம் ஆயிற்று. ஐம்பத்தொன்பது புதன்கிழமை. ஒவ்வொரு புதன்கிழமையும் பெஞ்சுக்குப் போய், "எண் என்ன வந்தாலும் ஸ்கேன் கேளுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். காவலாளியை விட்டு என்னை வெளியே நிறுத்தினீர்கள். வெளியே நின்று சொன்னேன். சிலர் கேட்டார்கள். பலர், "டாக்டரை விட உங்களுக்குத் தெரியுமா" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றம் இல்லை.

தையற்காரத் தம்பி ஒருவர் இருந்தார். தட்டில் கடைசித் துளையை நிறைத்தது அவருடைய ட்யூப், லிஃப்டும் சீக்கிரம் வந்தது; நிற்காமல் மேலே போய்விட்டது. எண் இருபத்தொன்று. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். இப்போது மேலே மூன்றாவது படுக்கையில் இருக்கிறார். இந்த மைக் ஓசை அவருக்குக் கேட்டாலும் கேட்கும். இன்னொருவர் சமையல் வேலை செய்யும் அம்மா. அவருடைய ட்யூப் ஐந்து மணி நேரம் நின்றது. எழுபது. இல்லாத கட்டியைத் தேடி இரண்டு முறை ஊசி விட்டார்கள், இரண்டாவது முறை நுரையீரலில் காற்றுப் புகுந்து பத்து நாள் படுக்கையில் கிடந்தார். இரண்டுமே பேராசிரியர் என் வீட்டுக்கு வந்துபோன பிறகு நடந்தவை. தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். தெரிந்தபின் ஐம்பத்தொன்பது முறை? பிரிவின் சாவி அவர் கையில் இருந்தது. ஒரு புதன்கிழமை காலையில் பூட்டிவிட்டு, 'இன்று சோதனை இல்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். தனியாகவே பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். யார் கையெழுத்தும் தேவைப்பட்டிருக்காது. ஏன் செய்யவில்லை?

போன வாரம் தன் அறையில், நாற்காலியிலேயே இதயம் நின்றுபோய்விட்டது என்றார்கள். நான் அழவில்லை. பேராசிரியரின் மனைவிக்கு முன்னால் இதைச் சொல்வது கொடுமை என்று தெரியும். அம்மா, நீங்கள்தான் என்னைப் பேசச் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தார்.

"அஞ்சலிக் கூட்டத்துல பேச உங்க பேரை நான்தான் குடுத்திருக்கேன். நல்லதா நாலு வார்த்தை பேசுங்கன்னு கேக்க மாட்டேன். அவர் மேஜைல உங்க பேருக்கு ஒரு கவர் இருக்கு. ஒட்டல. நான் படிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல. என்னம்மா இருக்கு?"

"நீங்களே வந்து பாருங்க. பார்த்துட்டு என்ன வேணா பேசுங்க. நான் முன் வரிசைல உக்காந்திருப்பேன்."

துறைத் தலைவரே, மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டுகிறீர்கள். அணைக்கலாம். எனக்குக் குரல் உண்டு, இந்த மண்டபமும் பெரியது இல்லை. ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதும் தெரியும். என் கையிலும் கடிகாரம் இருக்கிறது.

கவரில் இருந்தது ஒரு கடிதம். ஒரே பக்கம். 'எங்கள் சோதனை தவறானது; ரத்தம் சுழற்றப்படாமல் நின்ற நேரத்தை அது நோய் என்று காட்டுகிறது; கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்; நோயாளிகளுக்கு இனி இதைப் பயன்படுத்தக் கூடாது.' கீழே ஏழு பெயர், ஏழு கோடு. முதல் கோட்டில் பேராசிரியரின் கையெழுத்து. தேதி, என் வீட்டுக்கு வந்த அதே வாரம். அடுத்து, வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட்ட இரண்டு மருத்துவர்கள். கடைசிக் கோட்டில் ஆய்வகத்துத் தங்கச்சி. அவள் அன்றைக்கே போட்டிருக்கிறாள், வேலை போகும் என்று தெரிந்து.

நடுவில் மூன்று கோடு காலி. மூன்றும் மேடையில் இருக்கின்றன.

ஓரத்தில் பென்சிலால் பேராசிரியர் குறித்து வைத்திருக்கிறார். 'கேட்டேன், யோசிக்கிறேன் என்றார்கள்.' 'மறுபடி கேட்டேன்.' 'மறுபடி.' ஒன்பது இடத்தில் 'மறுபடி'. ஒன்பது முறை கேட்டார் என்பதற்காக அவரை நான் மன்னித்துவிடவில்லை. ஒன்பது முறை மறுத்ததற்காக உங்களையும் மன்னிக்கவில்லை. மன்னிப்பது என் வேலையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்ய மேலே ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் கடைசியாக ஓர் உறுதி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று. நானும் எடுக்கிறேன். பேராசிரியர் முடிக்காமல் விட்டது என்ன? மூன்று கையெழுத்து. அதை நான் வாங்குவேன். வாங்கும்வரை புதன்தோறும் வருவேன். பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் ட்யூபின் மேல் தன் கையால் நேரம் எழுதச் சொல்லிக்கொடுப்பேன். சுழற்றிய நேரம் என்ன, மேலே நின்ற நீரின் நிறம் என்ன என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பேன். ஃபார்மில் கட்டம் இல்லையென்றால் கையாலேயே கட்டம் போடுவோம். ட்ராலி அண்ணே, தட்டு நிறையக் காத்திருக்காதீர்கள். கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கடிதத்தை இந்த மேஜையில், அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பேனாவும் வைக்கிறேன். மூடியைக் கழற்றிவிட்டேன்.

அடுத்து இரண்டு நிமிடம் மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நாங்கள் எழுந்து நிற்கிறோம். நீங்கள் மூவரும் எழ வேண்டாம், மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட வாய் திறக்கத் தேவையில்லை, மௌனம் கெடாது. இரண்டு நிமிடத்தில் மூன்று பேர் தாராளமாகப் போட்டுவிடலாம்.

எல்லோரும் எழுந்திருங்கள். கண்ணை மூட வேண்டாம்.